சாப்பிட்டே இளைத்தவள்

நீங்களே ஜன்னல் பக்கம் இருங்க, எனக்கு எங்கன இருந்தாலும் ஒண்ணுதான். தூத்துக்குடிதானே? நானும் அங்கனதான் போறேன், ஆலங்குளத்துல இருந்து பஸ் மாறி. ஒரு மணி நேரம் ஆவும். பைபாஸ்ல வெரட்டுனா அதுக்குள்ளயும் போயிருவான்.

கடலக்காரன்ட்ட வேண்டாம்னு சொன்னியள்ளா, எட கொறைக்கேன்னு? அது காதுல விழுந்துதான் பேச்சுக் குடுக்கேன். தப்பா நெனைக்காதிய. அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு ஒரு ஆளு ஞாவகம் வந்துரும். எங்க ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. பேரு சந்தனமாரி. சந்தனம்னு கூப்பிடுவோம்.

அவ என்ன பண்ணிட்டான்னு கேக்கியளா? சாப்பிட்டே எளச்சா.

ஆமா. சாப்பிட்டே. மூணு நேரமும் தட்டுல போட்டு, சம்மணம் போட்டு உக்காந்து, சாப்பிட்டு, எளச்சா. நான் பட்டினி கெடந்து குண்டானேன். இதுக்கு எந்தக் கோர்ட்டுல போயி நியாயம் கேக்க?

எனக்குத் தொழிலு தையலு. ஆலங்குளத்துல வடிவு டெய்லர்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. இருவத்திரெண்டு வருசமா ஜாக்கெட்டு தைக்கேன். ஊருல எவளுக்கு என்ன அளவுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், ஆனா தெரியும். வீடு ஒண்ணுதான், கீழ நாங்க, மாடியில அவுங்க. எனக்கு ஒரே பையன், சென்னையில வேல பாக்கான். எங்க வீட்டுக்காரரு கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன். அவளுக்குப் பிள்ள இல்ல. அங்கன்வாடி டீச்சரா இருந்தா, அங்க இருவது பிள்ள உண்டு.

போன வருசம் ஆவணியில எங்க நாத்தனா மகளுக்கு நிச்சயம். பாவூர்சத்திரத்துல, மண்டபத்துல வச்சு. போட்டோ எடுக்கவன் எல்லாரையும் நிக்க வச்சான். நானும் சந்தனமும் பக்கத்துல பக்கத்துல நின்னோம். அவன் கேமராவுல பாத்தான், எறக்குனான், மறுபடியும் பாத்தான். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னால போங்க"ன்னான். போனோம். "இன்னும் கொஞ்சம்"னான். போனோம். செவுருல இடிச்சு நின்னோம். அப்ப எங்க நாத்தனா, பூரணம் மயினி, அத்தன பேரு முன்னாடி சொல்லுதா: "எந்தம்பிங்க ரெண்டு பேரும் பொண்டாட்டிகள நல்லாத்தான் வளத்து வச்சிருக்கானுவ."

எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. நான் அதக் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு ஷேர் ஆட்டோல வந்தோம். ஆட்டோ எறங்குனதும் சந்தனம் சொன்னா, "எக்கா, தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள ரெண்டு பேரும் கொறச்சுக் காட்டணும்." நானும் சரின்னேன். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சிதான். அங்கன்வாடியில பிள்ளத்தாச்சிகள ஏத்தி நிறுக்கதுக்கு ஒரு மெஷின் உண்டு. ஞாயித்துக்கெழம சாவிய எடுத்துட்டுப் போயி ஏறிப் பாத்தோம். நான் எழுவத்தெட்டு. அவ எழுவத்தாறு.

அதுக்குப் பெறவுதான் வழி பிரிஞ்சது.

அவ என்ன செஞ்சா, மாசக் கூட்டத்துக்கு வந்த நர்ஸம்மாட்ட கேட்டா. அந்தம்மா சொல்லிக் குடுத்தாளாம்: சோத்துல ஒரு கரண்டி கொற, முட்டை சேத்துக்க, சுண்டல் சேத்துக்க, எண்ணெயில பொரிச்சத வாரத்துக்கு ஒரு நா வச்சுக்க, தெனமும் நட. அவ்வளவுதான். இதுக்கு ஒரு நர்ஸா? நான் கேட்டேன், "ஏட்டி, இது டயட்டா, விருந்தா?" சிரிச்சா.

நான் அப்படி வெளையாட்டா எடுக்கல. போன்ல ஒரு குரூப்பு. அதுல ஒரு அம்மா பேசி அனுப்பிருந்தா. ஒரு நாளைக்கு ஐநூறு கலோரி, நாப்பது நாள்ல பதினஞ்சு கிலோ. கலோரின்னா என்னன்னு எனக்கு அதுக்கு முன்னாடி தெரியாது. தையலுக்கு இஞ்சு மாதிரி சாப்பாட்டுக்கு கலோரின்னு புரிஞ்சுக்கிட்டேன். இஞ்சக் கொறச்சா ஜாக்கெட்டு சின்னதாவும். கலோரியக் கொறச்சா ஆளு சின்னதாவணும். இதுல எங்க தப்பு இருக்கு, சொல்லுங்க.

அந்தம்மா ஐநூறுன்னா. நான் முந்நூறுல முடிச்சேன். எதுலயும் நான் அரகொறயா நிக்கவ கெடையாது. காலைல சுடுதண்ணியில எலுமிச்சம்பழம். பதினோரு மணிக்கு ஒரு இட்லி, சட்னி கெடையாது. மத்தியானம் கொள்ளு ரசம் ஒரு டம்ளர், கொஞ்சம் கீரை. சாயங்காலம் சீனியில்லாத கடுங்காப்பி. ராத்திரிக்கு ஒரு வெள்ளரிக்கா.

மொத வாரம் மூணு கிலோ! பொய் சொல்லல, மெஷின்ல சந்தனமே பாத்தா. எழுவத்தஞ்சு. அவ எவ்வளவு கொறச்சா? முந்நூறு கிராமு. எனக்குப் பாவமாப் போச்சு. ஒரு மாசம் முடியும்போது நான் எழுவத்திரெண்டர. அவ ஒன்னர கிலோ கொறைஞ்சிருந்தா. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வாரவளுக்கெல்லாம் நான் டயட்டு சொல்லிக் குடுத்தேன். கேட்டவளுக்கும் சொன்னேன், கேக்காதவளுக்கும் சொன்னேன். ஒரு டீச்சரம்மாட்ட, "போன தீவாளிக்கு எடுத்த அளவ மறந்துருங்க டீச்சர், அது வேற ஆளோட அளவு"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தம்மா இப்பம் வேற கடையில தைக்கா.

அப்பம் ஒரு நா சந்தனம் வந்து மெதுவாச் சொன்னா. "எக்கா, நர்ஸம்மாட்ட ஒன்னப் பத்திச் சொன்னேன். இவ்வளவு கொறைக்கப்பிடாதாம். ரொம்பக் கொறச்சா ஒடம்பு பிடிச்சு வச்சுக்கிடுமாம்."

நான் ஒன்னே ஒன்னுதான் கேட்டேன். "நான் ஒன்ன முந்திட்டேன்னு ஒனக்கு வயித்தெரிச்சலா?"

அவ மாடிக்குப் போயிட்டா. உண்மையக் கேட்டா பேச்சு வராதுல்லா.

புரட்டாசி முடிஞ்சுது. எழுவத்திரெண்டர. அடுத்த ஞாயிறு எழுவத்திரெண்டர. அதுக்கடுத்த ஞாயிறும் அதே எழுவத்திரெண்டர. நான் இட்லிய அரையாக்குனேன். அப்பமும் அதே. கொள்ளு ரசத்துல இருந்த கொள்ளையும் வடிகட்டிட்டேன். முள்ளு அசையல. மெஷின் மேல சந்தேகம் வந்துச்சு. பிள்ளத்தாச்சிகள ஏத்துத மெஷின் பாத்தியளா, ஒரு ஆள ரெண்டு ஆளாக் காட்டிப் பழகிருச்சோன்னு. இருவத்தஞ்சு கிலோ அரிசி மூட்டைய ஏத்திப் பாக்கச் சொன்னேன். சந்தனம் தூக்கி வச்சா. இருவத்தஞ்சு காட்டுச்சு. அரிசிக்குச் சரியாக் காட்டுது, எனக்கு மட்டும் தப்பாக் காட்டுது.

அவளுக்கு மட்டும் வாரா வாரம் கொறையுது. கால் கிலோ, அரைக் கிலோன்னு. காலையில எட்டு மணிக்கு மாடியில முட்டை வாசம் வரும். மத்தியானம் சோறு. சாயங்காலம் சுண்டல் தாளிக்க வாசம். கடுகு வெடிக்கது எனக்குக் கீழ கேக்கும். நான் தையல் மெஷின மிதிச்சு அந்தச் சத்தத்த அமுக்குவேன். அங்கன்வாடிக்கு ஷேர் ஆட்டோல போய்க்கிட்டிருந்தவ இப்பம் நடந்து போறா, நடந்து வாரா. போகும்போது பாட்டு வேற. பசிக்கிறவ பாடுவாளா? அப்ப அவ பசியில்லாமத்தான எளைக்கா? அது என்ன எளைப்பு?

எனக்கு ஐப்பசியில குளிர ஆரம்பிச்சுது. மழைக் குளிருன்னு நெனச்சேன். மழ நின்ன பெறவும் குளிருச்சு. கார்த்திகையில மட்ட மத்தியானம் ஸ்வெட்டர் போட்டுத் தச்சேன். எங்க வீட்டுக்காரரு ஃபேனப் போடுவாரு, நான் அமத்துவேன். முடி பாதி சீப்புல இருந்துச்சு, பாதி தலையில இருந்துச்சு. மூணு மாசமா வீட்டுக்கு விலக்கும் இல்ல. நாப்பத்தி நாலு வயசு, நின்னுருச்சு போல, ஒரு தொந்தரவு மிச்சம்னு விட்டுட்டேன். மாடிக்கு ஒரு நாளைக்கு இருவது தடவ ஏறி எறங்குவேன் முன்னால, துணி காயப்போட, சந்தனத்துட்ட கருவேப்பில வாங்க. அதெல்லாம் வேண்டாம்னு விட்டேன். கீழ இருந்து மாடிக்குப் போன் போட்டுத்தான் பேசுவேன். போன் எதுக்கு இருக்கு? உக்காந்த எடத்துலயே தூக்கம் வந்துச்சு. வேல ஜாஸ்தி, அதான்.

வேலையிலயும் ஒண்ணு ரெண்டு தப்பு. பெருசா ஒண்ணுமில்ல. ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டும் எடது கையா வச்சிட்டேன். அந்தப் பொம்பள வந்து கத்துனா. அவ கத்துதது பக்கத்துத் தெருவுல யாரோ கத்துத மாதிரிக் கேட்டுச்சு. நான் சாவகாசமா, "நீங்க எடது கைய ஜாஸ்தி பொழங்குவீங்களோன்னு நெனச்சேன்"னேன்.

எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. நாலு மாசத்துல ஒரே ஒரு நா, "கொழம்புல ரெண்டு தடவ உப்பு போட்டிருக்க"ன்னாரு. ரொம்ப அக்கறையான ஆளு.

தீவாளிக்கு ஒண்ணு நடந்துச்சு. சொல்லலாமான்னு தெரியல. நீங்க எறங்கிப் போயிருவிய, சொல்லுதேன். உள்ரூம்ல தூக்குச் சட்டியில அதிரசம் இருந்துச்சு. மூடி சரியா இருக்கான்னு பாக்கப் போனேன். நின்னுகிட்டே ஒண்ண வாயில போட்டேன். அதுக்குப் பெறவு எனக்குச் சரியா நெனவில்ல. பாத்தா சட்டி அடி தெரியுது, நான் தரையில உக்காந்திருக்கேன், கையெல்லாம் எண்ணெ, கண்ணுல இருந்து தண்ணி வருது. எதுக்கு அழுதேன்னு இப்பமும் தெரியாது. நிமுந்தா, வாசல்ல சந்தனம் நிக்கா. ஏதோ கேக்க வந்திருக்கா. அவ கதவ மெதுவாச் சாத்திட்டுப் போயிட்டா. மாடிக்குப் போயிச் சிரிச்சிருப்பா.

யாருட்டயும் சொல்லல, அது உண்மை. மறுநா காலையில ஒரு தட்டுல ரெண்டு இட்லியும் அவிச்ச முட்டையும் கொண்டு வந்து என் தையல் மெஷின் மேல வச்சா. "இத மட்டும் சாப்பிடுக்கா. நான் பாக்க மாட்டேன், திரும்பி நிக்கேன்." நான் திருப்பிக் குடுத்துவிட்டேன். அதிரசத்துக்குப் பரிகாரமா ரெண்டு நா வெறும் தண்ணி. அந்த ஞாயித்துக்கெழம மெஷின்ல ஏறுனேன். எழுவத்து மூணே கால்! ரெண்டு நாத் தண்ணி குடிச்சு முக்காக் கிலோ கூடுன ஆளு உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அன்னைல இருந்து அங்கன்வாடிக்குப் போகல. அந்த மெஷின் எதுக்க நிக்கப் பிடிக்கல.

கல்யாண ஜாக்கெட்டு பூராவும் நாந்தான் தைக்கணும். பதினோரு ஜாக்கெட்டு. அதுல முகூர்த்த ஜாக்கெட்டு அரக்குப் பட்டு, ஒரு சாண் ஜரிகை, சேலையோட வந்த துணி. அது போனா வேற துணி கெடையாது. பதினஞ்சு நா அதுக்குன்னு ஒதுக்கித் தச்சேன். மார்கழி இருவதாந் தேதி, காலைல பதினோரு மணி. கடைசியா ஓரத்துக்கு இஸ்திரிப் பெட்டி வச்சேன். கை கனத்துச்சு. மேச ஓரத்துல வெளிச்சம் சின்னதாச்சு. அவ்வளவுதான் தெரியும்.

நல்ல வேள, அன்னைக்கு அங்கன்வாடி லீவு. பட்டு கருகுன வாசம் மாடிக்குப் போயிருக்கு. சந்தனம் ஓடி வந்து பாத்தா நான் மேசைக்கடியில கெடக்கேன், பெட்டி ஜாக்கெட்டு மேல கெடக்கு. ஸ்விட்ச அமத்தி, என்னத் தூக்கி, தெரு வரைக்கும் சொமந்து, ஆட்டோல ஏத்திருக்கா. ஒத்தையில. எழுவத்து மூணு கிலோ. பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு இப்பமும் சொல்லுதா, அரிசி மூட்டையத் தூக்குத மாதிரி தூக்குனாளாம். இத ஒரு பெரும மாதிரி என்ட்ட வந்து சொல்லுதா.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தத்துல சத்து எட்டுதான், பிரஷர் எறங்கிக் கெடக்குன்னு குளுக்கோஸ் ஏத்துனா. கண்ணு முழிச்சதும் கேட்டா, "ஒரு நாளைக்கு என்னம்மா சாப்பிடுறீங்க?"

சொன்னேன். எழுதிக்கிட்டே வந்தவ, வெள்ளரிக்காயில நிறுத்திட்டு நிமுந்து பாத்தா. "அப்புறம்?"ன்னா.

"அப்புறம் தூக்கம்"னேன்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா. அப்படியும் கொறையல டாக்டர். தைராய்டா இருக்குமோ?"

அவ பேனாவ மூடி வச்சுட்டு சொன்னா. "உள்ள சாப்பாடு வரலன்னா உடம்பு என்ன பண்ணும்? அடுப்ப சிம்ல வச்சிரும். இருக்கத வச்சு நாள ஓட்டப் பாக்கும். அதான் குளிருது. அதான் தூக்கம் வருது. அதான் மாசா மாசம் வரது நின்னிருக்கு, புள்ள பெறுறதுக்கு இது நேரமில்லன்னு. கொழுப்பு மட்டும் கரையும்னு நெனச்சீங்க, சதையும் சேந்து கரைஞ்சிருக்கு. மொத வாரம் போனதுல பாதி தண்ணி. எட நின்னதும் நீங்க இன்னும் கொறைச்சிருக்கீங்க. அதுவும் இன்னும் சிம்ல போயிருக்கு. நடுவுல பசி தாங்காம ஒரு நாள் மொத்தமா சாப்பிட்டிருப்பீங்களே?"

"இல்ல டாக்டர்"னேன்.

சந்தனம் பக்கத்துலதான் நின்னா. அதிரசத்தப் பாத்தவ. ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு நின்னா.

ஒடம்பு பஞ்சம் வந்துருச்சுன்னு நெனைக்குமாம், டாக்டரம்மா சொல்லுதா. நான் கேட்டேன், "பஞ்சம் எங்க டாக்டர் வந்துச்சு, ரேஷன்ல அரிசி போட்டுக்கிட்டுத்தான இருக்கான்?" டாக்டரம்மா, "அது உங்களுக்குத் தெரியும், உங்க உடம்புக்குத் தெரியாதே"ன்னா. என் ஒடம்புக்கு என்னை விடத் தெரியுமோ என்னவோ.

மூணாம் நா வீட்டுக்கு வந்தேன். நேரா மேசைக்குப் போனேன். ஜாக்கெட்டு முதுகுல இஸ்திரிப் பெட்டி அப்படியே அச்சாக் கருகியிருக்கு. கல்யாணத்துக்கு இருவது நா. பூரணம் மயினி வாய் ஒங்களுக்குத் தெரியாது. நான் உக்காந்துட்டேன். இருவத்திரெண்டு வருசத்துல ஒரு துணி என் கையில கெட்டதில்ல.

சந்தனம் மாடிக்குப் போனா. எறங்கி வந்தா. கையில அவளோட கல்யாணப் பட்டு. அதுவும் அரக்கு, அதே மாதிரி ஜரிகை. மேசையில விரிச்சா. கத்திரிய எடுத்து என் கையில குடுத்தா. "வெட்டுக்கா."

"ஏட்டி, இது ஒன் முகூர்த்தச் சேலல்லா. ஒரு மீட்டர் எடுத்தா மிச்சத்தக் கட்ட முடியாது."

"பொட்டியிலதான கெடக்கு. வெட்டு."

வெட்டுனேன். அவ அந்தப் பக்கமே திரும்பல, அடுப்புல பால் வச்சிருக்கேன்னு போயிட்டா. அந்தச் சேல எப்படியும் அவளுக்கு எடுக்காது. மாநிறத்துக்கு அரக்கு சேராதுன்னு கல்யாணத்தன்னைக்கே நான் சொன்னேன். அதான் குடுத்திருப்பா.

ரொம்ப நேரம் உக்கார எனக்கு முடியல. நான் சொல்லச் சொல்ல கையோரம் மடிச்சதும் கொக்கி வச்சதும் அவதான். கொக்கி வச்ச லெட்சணத்தப் பாக்கணும் நீங்க, ஒண்ணு கெழக்க, ஒண்ணு மேக்க. ரெண்டப் பிரிச்சு நான் வச்சேன். மிச்சத்த விட்டுட்டேன்.

அதோட விட்டாளா? தெனமும் காலைல எட்டு மணிக்கு ரெண்டு தட்டோட எறங்கி வருவா. என் மெஷினுக்கு எதுக்க ஸ்டூலப் போட்டு உக்காருவா. "நீ சாப்பிடாம நான் வேலைக்குப் போக மாட்டேன். இருவது பிள்ளைங்க பூட்டுன கதவு முன்னாடி நிக்கும், ஒன் இஷ்டம்"னு சொல்லுவா. இது மிரட்டல் இல்லாம என்ன? சாப்பிட்டேன். எனக்காக இல்ல, அந்தப் பிள்ளைகளுக்காக. சாயங்காலம் வாய்க்கா வரைக்கும் நடக்கக் கூட்டிட்டுப் போவா. மொத நா பாதி தூரத்துல உக்காந்துட்டேன். அவளும் உக்காந்துட்டா.

தையில கல்யாணம். பொண்ணு மேடையில உக்காந்ததும் பூரணம் மயினி கண்ணு ஜாக்கெட்டுலதான் நின்னுச்சு. பெத்தவள்லா. "இது சேலையோட துணி இல்லியே"ன்னு என்னப் பாத்தா. சந்தனம் டக்குன்னு சொல்லுதா: "நாந்தான் மயினி. அக்காவுக்கு ஒத்தாசையா இஸ்திரி போடுதேன்னு போயி கருக்கிட்டேன். வேற துணி வாங்கித் தச்சோம்." மயினி அவளப் பிடிச்சுக்கிட்டா. கண்ணு தெரியாதா, கை வெளங்காதா, பிள்ளையப் பெத்திருந்தா தெரியும் அருமைன்னு வரைக்கும் பேசிட்டா. சந்தனம் தலையக் குனிஞ்சு நின்னா.

நான் ஏன் பேசலன்னு கேக்கியளா? அவ ஒண்ணு சொல்லிட்டா. நான் வேற ஒண்ணு சொன்னா ரெண்டு பேச்சாயிரும்லா. கல்யாண வீட்டுல எதுக்குக் கொழப்பம்?

எனக்கு அப்பம் தோணுனது என்ன தெரியுமா? கண்ணு இமைக்காம இவ்வளவு பெரிய பொய்யச் சொல்லுதாளே, இவ எட கொறைஞ்சத மட்டும் உண்மையாச் சொல்லிருப்பாளா? நாந்தான் மெஷினுக்குப் போறத நிறுத்திட்டேனே, யாரு கண்டா?

ஆனா ஆளு எளச்சிருந்தா. அறுவத்தொம்பதாம். போட்டோக்காரன் அவள முன்வரிசையில நிக்கச் சொன்னான். நான் சாப்பிட ஆரம்பிச்சதுல ஆஸ்பத்திரி மெஷின்ல எழுவத்தஞ்சாயிருந்தேன், பழையபடி செவுருதான். பூரணம் மயினி விடுவாளா? "சந்தனம் எளச்சிட்டா. வடிவு எளைக்கேன் எளைக்கேன்னு ஊரெல்லாம் சொன்னா, ஆளு அப்படியேல்லா இருக்கா?" எல்லாரும் சிரிக்க வாயெடுத்தாங்க. பிள்ள இல்லன்னு சொன்னப்பக் கூட குனிஞ்சு நின்ன சந்தனம், அப்பம் நிமுந்தா. "மயினி, எங்கக்கா இன்னும் ஒரு மாசம் எளச்சிருந்தா இன்னைக்கு இந்தப் போட்டோல இருந்திருக்க மாட்டா. சிரிக்கவங்க அதையும் சேத்துச் சிரிங்க"ன்னா. முன்வரிசையில இருந்து வந்து என் பக்கத்துல, செவுரோரம் நின்னா. "எடுப்பா"ன்னா.

நாலு பேரு முன்னாடி என்ன நோயாளியாக்கிட்டா பாத்தியளா. எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

மாசியில மறுபடியும் வீட்டு விலக்கு வந்துச்சு. குளிரு போச்சு. பங்குனியில இருந்து எட எறங்குச்சு, சும்மா கொஞ்சங் கொஞ்சமா. ஆனியில எழுவத்தொண்ணு. ரெண்டு இட்லியும் முட்டையும் தின்னு! அது என்னமோ தானா எறங்குச்சு. அவ பண்ணுனதாலன்னு சொல்ல முடியாது. ஒரு வேள அந்த நாலு மாசப் பட்டினி அப்பந்தான் வேல செஞ்சுச்சோ என்னவோ.

அந்த ஆனியிலதான் அவளுக்குப் பதவி உயர்வு. சூப்பர்வைசர். தூத்துக்குடி பக்கம் போட்டுட்டாங்க. கொழுந்தனுக்குப் பெயிண்ட் காண்ட்ராக்ட், எங்கன இருந்தாலும் வேலதான். சாமான ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு நிம்மதி. காலைல எட்டு மணிக்கு யாரும் ஸ்டூலப் போட்டு எதுக்க உக்காந்து என் வாயப் பாக்க மாட்டாங்க. மாடியில புதுசா பேங்குல வேல பாக்க தம்பதி. நல்ல மாதிரிதான். தாளிக்க வாசமே வராது, எல்லாம் கடையில வாங்கிக்கிடுவாங்க.

என்ன ஒண்ணு, இட்லி ஊத்தி வச்சா எறங்க மாட்டேங்கு. டயட்டெல்லாம் இல்ல, அத விட்டாச்சு. எங்க வீட்டுக்காரரு ஏழு மணிக்கே கம்பத்துல ஏறப் போயிருவாரு. தட்டப் போட்டு உக்காருதேன். எதுக்க செவுரு. நாலு வாய் திங்கேன், மூடி வச்சிருதேன். மத்தியானம் அவ போன் போடுவா. "எக்கா, என்ன சாப்பிட்ட?" "சோறு, சாம்பாரு, முட்டை"ம்பேன். நேத்தும் அப்படித்தான் சொன்னேன். அவ ம்னு கேட்டுக்கிட்டா. பெறவு, "நாளைக்கு ரெண்டாம் சனிக்கெழம, எனக்கு லீவு, வா"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டா.

அதான் போறேன். வேவு பாக்கத்தான். இன்னும் சாப்பிட்டே எளைக்காளான்னு நேர்ல பாக்கணும்லா.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? நீங்க மெதுவா வாங்க, நான் மொதல்ல எறங்கிக்கிடுதேன். மணி ஒண்ணேகால். நான் போயி உக்காராம அவ ஒரு வாய் திங்க மாட்டா, பிடிவாதக்காரி. இந்நேரம் பசியோட வாசலப் பாத்துக்கிட்டு நிப்பா. நேரத்துக்குச் சாப்பிடாம நின்னா என்ன ஆவும்னு அந்த டாக்டரம்மா அவ காதுலயும்தான சொன்னா? சொல்லிக் குடுத்தாலும் மண்டையில ஏறாத சென்மம். வழி விடுங்கம்மா, வழி விடுங்க.